பெருங்கடல் கூட்டணியில் ஒரு நீச்சல் அணி

மாதத்தின் முதல் புதன்கிழமை, மதியம் பன்னிரண்டு மணி. கான்சாஸ் மாநிலத்து வாலிஸ்டன் ஊரில் அந்த நேரத்துக்குச் சூறாவளிச் சங்கை ஊதிப் பார்ப்பார்கள். நிஜமாகவே சூறாவளி வந்தால் சங்கு வேலை செய்யுமா என்று தெரிந்துகொள்ளத்தான். ஊர் நாய்கள்கூட அப்போது குரைப்பதில்லை. குரைத்துப் பயனில்லை என்று அவற்றுக்குத் தெரியும்.

பல்கலைக்கழகத் தலைவர் டாக்டர் ப்ளெட்சோ வெளியூர்க்காரர். ஏப்ரல் மாத முதல் புதனன்று, அமெரிக்க ஃபுட்பால் மைதானத்தின் நடுவில் மேடை போட்டு, பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் பேச எழுந்தார்.

"நண்பர்களே, வாலிஸ்டன் பல்கலைக்கழகம் பெருங்கடல் கூட்டணியில சேருது!"

பெரிய பல்கலைக்கழகங்கள் சேர்ந்து தங்களுக்குள் விளையாட்டுப் போட்டி நடத்தும் அமைப்பு அது. கூட்டம் எழுந்து நின்று கத்தியது. பாண்டு வாத்தியம் முழங்கியது. அது அடங்கியதும் தலைவர் கையை உயர்த்தினார்.

"இந்தக் கௌரவத்துக்காக நாம ஏத்துக்கிட்ட பண நிபந்தனைகளை ஒளிவுமறைவு இல்லாம இப்பவே சொல்லிடறேன்."

சங்கு ஊதத் தொடங்கியது.

தலைவர் நிறுத்தவில்லை. அவர் உதடுகள் அசைந்தன. ஒரு கட்டத்தில் ஒன்பது விரல்களைத் தூக்கிக் காட்டினார். பிறகு கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்து வட்டம் பண்ணினார். எல்லாம் சரி என்று சொல்ல அந்த ஊரில் அப்படித்தான் காட்டுவார்கள். கூட்டம் முழுவதும் பதிலுக்கு வட்டம் காட்டியது. கடைசி வரிசையில் நின்ற மெர்ல் உன்ரூவும் காட்டினார். மெர்ல், பெண்கள் நீச்சல் அணியின் பயிற்சியாளர். இருபது வருடத்துக்கு மேலாக அதே வேலை, அதே விசில்.

சங்கு நின்றது. "மனப்பூர்வமா ஏத்துக்கிட்டோம்" என்று தலைவர் முடித்தார். கைதட்டல் வானைப் பிளந்தது.

வட்டம் என்பது பூஜ்யம் என்று மறுநாள் செய்தித்தாள் பார்த்துத்தான் மெர்லுக்குத் தெரிந்தது.

நேராக விளையாட்டுத் துறை இயக்குநர் ரஸ்டி ஓட்வேயின் அறைக்குப் போனார். ரஸ்டி ஒரு காலத்தில் இதே மைதானத்தில் ஃபுட்பால் ஆடியவர். முழங்கால் இரண்டும் போய்விட்டன. குரல் அப்படியே இருந்தது.

"வாப்பா மெர்ல்! ஏன் முகம் இப்படி இருக்கு? நாம பெரிய இடத்துல சம்பந்தம் பண்ணியிருக்கோம்."

"எனக்கு ஒண்ணும் புரியல ரஸ்டி. மேட்ச் காட்டுறதுக்கு டிவிக்காரன் கூட்டணிக்குப் பணம் கொடுக்கிறான். கூட்டணி அதை உறுப்பினருங்களுக்குப் பங்கு போட்டுக் கொடுக்குது. சரியா?"

"சரி."

"நம்ம பங்கு எவ்வளவு?"

"ஒன்பது வருஷத்துக்கு ஒண்ணும் கிடையாது."

"பத்தாவது வருஷம்?"

"பத்தாவது வருஷம் உக்காந்து பேசுவாங்க."

"பழைய கூட்டணி நம்மளைச் சும்மா விட்டுருச்சா?"

"எப்படி விடும்? விலகுறதுக்கு முப்பது மில்லியன் டாலர்."

"புதுசுல சேர்றதுக்கு?"

"அதுக்குக் கட்டணம் தனி."

மெர்ல் விரல் விட்டு எண்ணினார். "அப்போ வெளிய போறதுக்கும் கொடுக்கிறோம், உள்ள வர்றதுக்கும் கொடுக்கிறோம். வந்தப்புறம் ஒண்ணும் வாங்கப்போறதில்ல."

"நீ கோணலாப் பார்க்கிறப்பா. நம்மகூட இன்னும் ரெண்டு யூனிவர்சிட்டி போட்டிக்கு நின்னாங்க. அஞ்சு வருஷம் பங்கு வேணாம்னாங்க. நம்ம தலைவர் எழுந்தார். ஒன்பதுன்னார். அவ்வளவுதான், ரெண்டு பேரும் அந்த இடத்துலயே காலி! இந்த யூனிவர்சிட்டி ஒரு பெரிய போட்டியில ஜெயிச்சு எத்தனை வருஷம் ஆச்சு சொல்லு?"

கண்ணாடி அணிந்த ஒரு மீன் அலைமேல் துள்ளும் சின்ன பேட்ஜ் ஒன்றை ரஸ்டி எடுத்து மெர்லின் சட்டையில் குத்திவிட்டார். கூட்டணியின் சின்னம். அன்று முதல் ஊழியர் எல்லாரும் அதை அணிந்தார்கள். போனை எடுத்தால் முதலில் "பெருங்கடல் கூட்டணியின் பெருமைமிக்க உறுப்பினர்" என்று சொல்லிவிட்டுத்தான் பேச வேண்டும் என்று உத்தரவு வந்தது. மெர்லின் பல் டாக்டர் இரண்டு முறை தவறான எண் என்று வைத்துவிட்டார். வாலிஸ்டனிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடலைப் பார்க்க ஒரு நாள் முழுக்கக் கார் ஓட்ட வேண்டும். இதை யாரும் பேசவில்லை.

ஆகஸ்டில் மாணவிகள் திரும்பி வரும் வாரம், மெர்ல் விடியற்காலையில் நீச்சல் குளக் கட்டடத்தைத் திறந்தார். விளக்கைப் போட்டார். குளத்தில் தண்ணீர் இல்லை.

ஓட்டை விழுந்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தார். படியில் இறங்கிப் பார்த்தார். தரை துடைத்துவிட்டது போல உலர்ந்திருந்தது. எட்டுத் தடங்களின் கறுப்புக் கோடுகளும் பளிச்சென்று தெரிந்தன. ஆழமான பக்கம் வரை நடந்து போய்த் திரும்பி வந்தார். அந்தக் குளத்தின் தரையில் அவர் நடந்தது அதுதான் முதல் தடவை.

"அறிக்கை வந்திருக்குப்பா" என்றார் ரஸ்டி. "சிகாகோவிலிருந்து ஆலோசகருங்க வந்தாங்க. எங்கே சிக்கனம் பண்ணலாம்னு ஒவ்வொரு விளையாட்டா பார்த்தாங்க. நீச்சல்ல பெரிய செலவு எதுன்னு நினைக்கிற?"

"எது?"

"தண்ணி. அதைச் சூடாக்கணும், சுத்தம் பண்ணணும், மருந்து போடணும். தண்ணியை எடுத்துட்டா நீச்சல் ரொம்ப மலிவான விளையாட்டு."

"ரஸ்டி, அதுக்கு என் அணியையே கலைச்சிடலாமே."

ரஸ்டி பதறிப்போனார். கதவைச் சாத்தினார். "அந்த வார்த்தையை வாயில எடுக்காத. கூட்டணியில இருக்கணும்னா பதினாறு விளையாட்டு இருக்கணும். எண்ணிப் பார்த்தாச்சு, நீச்சலோட சேர்த்துச் சரியாப் பதினாறு. உன் அணி இல்லன்னா கூட்டணியே இல்ல. இந்த யூனிவர்சிட்டியிலயே ரொம்பப் பத்திரமான ஆள் நீதான்."

"தண்ணி?"

"தண்ணியைப் பத்தி விதியில ஒண்ணும் இல்ல. நாலு தடவை படிச்சாங்க."

மாணவிகள் வந்தார்கள். குளத்தின் விளிம்பில் வரிசையாக உட்கார்ந்து உள்ளே காலைத் தொங்கவிட்டுக்கொண்டார்கள். பழக்கம். அணித் தலைவி டெஸ் ரெம்பல் மட்டும் உட்காரவில்லை. அவளுக்கு நான்காம் வருடம், கடைசி வருடம். தவளை நீச்சல்காரி. தேசியப் போட்டிக்குத் தேர்வாக அவள் நேரத்தில் அரை விநாடி குறைய வேண்டும். வரும் பிப்ரவரியில் கூட்டணியின் சாம்பியன் போட்டியில் அதைக் குறைத்துவிடலாம் என்றுதான் கோடையில் வேலைக்குக்கூடப் போகாமல் பண்ணைக் குட்டையில் நீந்திப் பழகியிருந்தாள்.

"கோச், பெருங்கடல்னு சொன்னாங்க" என்றாள்.

"தெரியும்."

"கடல் வேணாம். ஒரு பக்கெட்டாவது வெச்சிருக்கலாம்."

சிரிப்பு எழுந்து அடங்கியது. காலித் தொட்டியில் அது இரண்டு முறை எதிரொலித்தது.

மெர்ல் வாக்குக் கொடுக்கிற ஆள் இல்லை. அன்றைக்குக் கொடுத்துவிட்டார். "பிப்ரவரிக்கு முன்னாடி உங்களுக்குத் தண்ணி வாங்கித் தர்றேன்."

அதுவரை தரையில் பயிற்சி. பெஞ்சில் குப்புறப் படுத்துக் கையை வீசினார்கள். சுவரில் ரப்பர் பட்டையைக் கட்டி இழுத்தார்கள். குளத்துக்குள் இறங்கி, தங்கள் தங்கள் தடத்தில், கறுப்புக் கோட்டின் மேல் நடந்தார்கள். சுவரைத் தொட்டதும் பழக்கத்தில் ஒருத்தி குட்டிக்கரணம் போட்டுத் திரும்பப் பார்த்தாள். நெற்றியில் தையல் போட வேண்டி வந்தது.

அக்டோபரில் முதல் போட்டி. அட்லாண்டிக் கரையில், விமானத்தில் போய் இறங்க வேண்டிய ஊர். ரஸ்டி இரண்டு டிக்கெட் கொடுத்தார்.

"அணியில பத்தொன்பது பேர் ரஸ்டி."

"யாராவது ஒருத்தர் தண்ணியைத் தொட்டாப் போதும், அணி கலந்துக்கிட்டதாக் கணக்கு. விதி ஏழு. ஒருத்தி தொடுறதுக்கு, நீ பார்க்கிறதுக்கு. ரெண்டு டிக்கெட்."

டெஸ் போனாள். அந்த ஊரின் குளம் நீலமாக, நிறைந்து, லேசாகப் புகைந்துகொண்டிருந்தது. அவள் கரையில் முழங்காலிட்டு இரண்டு கையையும் உள்ளே விட்டாள். நடுவர் ஓடி வந்து குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்.

"நீங்க கலந்துக்கிட்டாச்சு" என்றார் மெர்லிடம். "இனிமே நீந்துறது உங்க விருப்பம்."

டெஸ் நீந்தினாள். இரண்டு மாதமாகத் தண்ணீரைப் பார்க்காத உடம்பு. பாதித் தூரத்தில் தோள் கனத்துவிட்டது. தன் பழைய நேரத்தைவிட நான்கு விநாடி பின்னால் வந்து, எல்லாருக்கும் கடைசியாகச் சுவரைத் தொட்டாள். மேலே ஏறாமல் கொஞ்ச நேரம் தடக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். முகம் நனைந்துதான் இருந்தது. அழுதாளா என்று யாருக்கும் தெரிந்திருக்காது. மெர்லுக்குத் தெரிந்தது.

எதிரணிப் பயிற்சியாளர் நல்ல மனிதர். மெர்லின் பக்கத்தில் வந்து நின்றார். "உங்க குளம் எத்தனை தடம்?"

"எட்டு."

"நல்ல குளமா?"

"ரொம்பச் சுத்தமா இருக்கும்" என்றார் மெர்ல்.

ஊருக்குத் திரும்பியதும் மெர்ல் நகரப் பொழுதுபோக்கு மையத்துக்குப் போனார். அங்கே ஒரு சின்னக் குளம் உண்டு. காலையில் மூட்டுவலிக்காரர்கள் அதில் நின்று பாட்டுப் போட்டுக்கொண்டு கையைக் காலை ஆட்டுவார்கள். வாலிஸ்டனில் எழுபது தாண்டிய பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள். அவர்கள் வருவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் தருகிறோம் என்று மையம் சொன்னது. பணம் வேண்டாம், நம் பல்கலைக்கழகப் பெண்கள்தானே என்றார்கள்.

அந்த வாரம் முழுக்க மெர்ல் நன்றாகத் தூங்கினார். பெண்கள் விடியலுக்கு முன் தண்ணீரில் விழுந்து, தோல் சுருங்க, கண் சிவக்க எழுந்து வந்தார்கள். மூட்டுவலிக்காரர்கள் சீக்கிரமே வந்து கரையில் நாற்காலி போட்டுக்கொண்டார்கள். "ஏய் தவளை! கால் அகலமாப் போகுது பாரு!" என்று ஒரு கிழவர் தினமும் டெஸ்ஸைத் திட்டுவார். அவர் ஜென்மத்தில் நீந்தியதில்லை. டெஸ்ஸின் நேரம் குறையத் தொடங்கியது. நான்கு மூன்றாயிற்று. மூன்று ஒன்றாயிற்று.

டிசம்பரில் ரஸ்டி கூப்பிட்டார். மேசைமேல் கூட்டணியின் மீன் போட்ட உறை கிடந்தது.

"மெர்ல், நீ தண்ணியில பயிற்சி கொடுக்கிறியாம்."

"ஆமா."

"கூட்டணியின் அங்கீகாரம் இல்லாத தண்ணி."

"தண்ணிக்கு அங்கீகாரமா?"

"இடத்துக்கு. கூட்டணிச் சின்னம் சுவத்துல இருக்கணும், கேமராவுக்கு இடம் விட்டிருக்கணும், ஆய்வுக் கட்டணம் கட்டியிருக்கணும். அங்கே உன் பொண்ணுங்க நீந்தினா அது விதிமீறல். அபராதம் போட்டுட்டாங்க."

"யார் கட்டுறது?"

"யாரும் கட்ட வேணாம். நம்ம பங்குல கழிச்சுக்குவாங்க."

"நமக்குத்தான் பங்கே கிடையாதே."

"அதுதான் சௌகரியம். பூஜ்யத்துல கழிப்பாங்க. மைனஸ்ல நிக்கும்." ரஸ்டி குரலைத் தாழ்த்தினார். "தலைவருக்கு ஒரே சந்தோஷம்ப்பா."

"எதுக்கு?"

"பங்குப் பட்டியல்ல நம்ம பேருக்கு நேரா முதல் தடவையா ஒரு நம்பர் வந்திருக்கு."

பொழுதுபோக்கு மையத்தில் பெண்கள் நீந்தக் கூடாது என்று உத்தரவானது. மெர்ல் மறுநாள் அங்கே போய்ச் சொன்னார். கிழவர் நம்பவில்லை. "நாங்க ஏதாவது பண்ணிட்டமா? நான் திட்டினதுக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இல்லை, பெருங்கடல் கூட்டணி என்றார் மெர்ல். "அது எந்த நாட்டுல இருக்கு?" என்றார் கிழவர்.

ஜனவரியில் மெர்ல் தலைவரைப் பார்க்க அனுமதி கேட்டார். பனி கொட்டிய ஒரு மத்தியானம் கிடைத்தது. தலைவர் அறையில் சுவர் அளவு டிவி ஓடிக்கொண்டிருந்தது. நவம்பரில் நடந்த ஃபுட்பால் போட்டி. வாலிஸ்டன் அறுபத்து மூன்றுக்கு மூன்று என்று தோற்ற போட்டி. அந்த மூன்று புள்ளியை எடுத்த உதையை மட்டும் வெட்டி, திரும்பத் திரும்ப ஓடவிட்டிருந்தார்கள்.

"உக்காருங்க மெர்ல். பாருங்க, இதோ, இதோ. போச்சு!" தலைவர் ஒவ்வொரு முறையும் பந்து கம்பங்களுக்கு நடுவே போகுமா என்று பார்த்தார். "முன்னாடியும் நாம தோத்துக்கிட்டுத்தான் இருந்தோம். ஆனா யார்கிட்ட? சின்னச் சின்ன ஆளுங்ககிட்ட. யாரு பார்த்தா? யாரும் இல்ல. இப்போ பெரியவங்ககிட்டத் தோக்கிறோம். நாடே பார்க்குது. இதுக்குப் பேர்தான் வளர்ச்சி."

"சார், நீச்சல் குளத்துல தண்ணி..."

"தத்துவத் துறையை மைதானத்துப் படிக்கட்டுக்குக் கீழ மாத்தினோம். அவங்க வாய் திறந்தாங்களா? மேட்ச் அன்னிக்கு மேல கூட்டம் குதிக்கும்போது கூரையிலிருந்து தூசி விழுதுன்னு மட்டும் சொன்னாங்க. அதைக்கூட யோசிக்கிற மாதிரிதான் சொன்னாங்க. மாணவர் கட்டணத்தை ஏத்தினோம். பசங்க கொடுத்தாங்க. ஏன்? கௌரவம். பணம் வாங்கிக்கிட்டு ஒரு இடத்துல இருக்கிறது யாரால வேணும்னாலும் முடியும் மெர்ல். பணம் கொடுத்துக்கிட்டு இருக்கிறதுக்குத்தான் தகுதி வேணும்."

"பிப்ரவரியில சாம்பியன் போட்டி சார். டெஸ் ரெம்பல்னு ஒரு பொண்ணு, இன்னும் ஒண்ணரை விநாடி குறைச்சா தேசியப் போட்டிக்குப் போவா. ஆறு வாரம் தண்ணி போதும். ஆறு வாரம்."

தலைவர் டிவியை நிறுத்தினார். முதல் முறையாக மெர்லைப் பார்த்தார். "போட்டிக்கு முந்தின வாரம் கூட்டணி ஆணையர் ஹார்க்னஸ் நம்ம ஊருக்கு வர்றார். நன்கொடையாளர்களுக்கு ஒரு விருந்து. எங்கே வைக்கிறோம் தெரியுமா? உங்க கட்டடத்துல. உங்க பொண்ணுங்களை அழைச்சிட்டு வாங்க, அணி உடையில. குளத்தைப் பத்தி அன்னிக்கு மேடையில ஒரு நல்ல செய்தி சொல்றேன்."

"தண்ணி வருமா சார்?"

"பெரிய செய்தி" என்றார் தலைவர்.

மெர்ல் அதைப் பெண்களிடம் அப்படியே சொன்னார்.  டெஸ் அன்று பெஞ்சில் குப்புறப் படுத்து, மற்றவர்கள் போன பிறகும் காற்றில் காலை உதைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த மாதம் கட்டடத்தைப் பூட்டி வேலை நடந்தது. உள்ளே யாரையும் விடவில்லை. லாரிகள் வந்தன, குழாய்கள் இறங்கின. குழாயைப் பார்த்து மெர்ல் நம்பிக்கை வைத்தார்.

விருந்தன்று மாலை அவர் டை கட்டிக்கொண்டு, அணியோடு பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே வந்தார். குழாய்கள் எதற்கென்று அப்போது தெரிந்தது. வெப்பக் காற்றுக்கு. குளத்தின் தரை முழுக்கச் சிவப்புக் கம்பளம். எட்டுத் தடத்திலும் வட்ட மேசைகள், வெள்ளை விரிப்பு, மெழுகுவர்த்தி. சுமார் முந்நூறு பேர் குளத்துக்குள் உட்கார்ந்து ஸ்டேக் இறைச்சி வெட்டிக்கொண்டிருந்தார்கள். சரிவில் வைத்த மேசைகளில் ரசம் போன்ற சூப் கிண்ணத்தின் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. ஆழம் கூடக் கூட மேசையின் விலையும் கூடியது. மிக ஆழமான இடத்தில் தலைவர், ஆணையர் ஹார்க்னஸ், ஒரு டிராக்டர் கம்பெனி முதலாளி, அவர் மனைவி. அவர்களுக்கு நடுவில் ஃபுட்பால் மைதானத்தின் வடிவில் ஒரு பெரிய கேக். ஆழமில்லாத பக்கத்தில், முழங்கால் தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில், பேராசிரியர்கள் சிலர் சோள ரொட்டி தின்றார்கள்.

"பொண்ணுங்களை மேல ஏத்து" என்றார் ரஸ்டி. "குதிமேடையில ஆளுக்கு ஒண்ணா எட்டுப் பேர். மத்தவங்க சுவரோரம். அழகா இருக்கும்."

குதிமேடைகள் ஆழமான பக்கத்தின் விளிம்பில் இருந்தன. நீச்சலுடையும் தொப்பியும் அணிந்த எட்டுப் பெண்கள் அவற்றில் ஏறி நின்றார்கள். கீழே கேக் தெரிந்தது. நான்காவது மேடையில் டெஸ்.

ஒரு பாதிரியார் பிரார்த்தனை சொன்னார். பல்கலைக்கழகப் பாட்டைப் பாடினார்கள். கூட்டணிப் பாட்டையும் பாடினார்கள், அது நீளம். பிறகு ஆணையர் ஹார்க்னஸ் மைக்கைப் பிடித்தார்.

"கூட்டணின்னா வியாபாரம்னு சில பேர் நினைக்கிறாங்க. இல்ல. இது குடும்பம். குடும்பத்துல புதுசா வர்றவங்க முதல்ல பந்தியில உக்கார மாட்டாங்க. பரிமாறுவாங்க, தட்டு கழுவுவாங்க. வாலிஸ்டன் மாதிரி சிரிச்ச முகத்தோட கழுவினவங்களை நான் பார்த்ததே இல்ல. ஒன்பது வருஷம்! நாங்க ஏழுதான் கேக்கலாம்னு இருந்தோம்."

கைதட்டல். தலைவர் எழுந்து குனிந்து வணங்கினார். மைக் அவர் கைக்கு வந்தது.

"ஆணையர் அவர்களே, ஒரு நல்ல செய்தி. நாம உக்காந்திருக்கிற இந்த இடம் இன்னிலிருந்து நிரந்தரமா 'ஆழ்பகுதி மன்றம்'. மேட்ச் நாட்கள்ல நன்கொடையாளர்களுக்கான உணவு மண்டபம். மேசைகளெல்லாம் ஒன்பது வருஷத்துக்கு வித்தாச்சு. நீச்சல் அணிக்கும் ஒரு குறையும் இல்ல. அது தொடர்ந்து இருக்கும். அடுத்த வாரம் சாம்பியன் போட்டிக்கும் ஒரு வீராங்கனையை அனுப்பறோம். தொடுவாங்க!"

மெர்ல் சுவரைப் பிடித்துக்கொண்டார். ஓடு வெதுவெதுப்பாக இருந்தது. குளத்துக்கு வேண்டிய சூடு அதுதான். இதற்கு மட்டும் பணம் இருந்திருக்கிறது. மேடைகளைப் பார்த்தார். பெண்கள் யாரும் அசையவில்லை. டெஸ் மட்டும் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. பரீட்சையில் கடைசிக் கேள்வியைப் படிக்கிற மாதிரி பார்த்தாள்.

"மெர்ல், சிரி" என்று ரஸ்டி முழங்கையால் இடித்தார். "எல்லாரும் பார்க்கிறாங்க."

"நான் வாக்குக் கொடுத்திருந்தேன் ரஸ்டி."

"நானுந்தான் என் முழங்காலுக்குக் கொடுத்தேன். விடுப்பா."

ஆணையர் அண்ணாந்து பார்த்தார். மதுக் கோப்பை கையில். முகத்தில் நிஜமான மகிழ்ச்சி. அவர் கெட்ட மனிதர் இல்லை. குளத்தில் இருக்கிறோம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

"இவங்கதான் அந்த அணியா? எவ்வளவு அழகா நிக்கிறாங்க! என் பேத்திகூட நீந்துவா. எப்படி ஆரம்பிப்பீங்கன்னு ஒரு தடவை செஞ்சு காட்டச் சொல்லுங்களேன். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்."

முந்நூறு பேரும் கைதட்டினார்கள். மேசையைத் தட்டினார்கள். கரண்டியால் கோப்பையைத் தட்டினார்கள். தலைவர் புன்னகையோடு மெர்லுக்குக் கை காட்டினார். பெரிய மனதோடு கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்து வட்டம் பண்ணினார்.

யாரோ மெர்லின் கையில் மைக்கைத் திணித்தார்கள்.

"சும்மா குனியச் சொல்லு, அப்புறம் இறங்கச் சொல்லு" என்று ரஸ்டி காதில் கிசுகிசுத்தார். "பாவனைதான். சும்மா பாவனை."

பெண்கள் ஏற்கெனவே குனிந்துவிட்டிருந்தார்கள். யாரும் சொல்லவில்லை. எட்டுப் பேரின் கால்விரல்களும் மேடையின் விளிம்பைக் கவ்வியிருந்தன. கைகள் கீழே விளிம்பைப் பிடித்திருந்தன. முதுகுகள் வில்லாக வளைந்திருந்தன. ஆறு மாதம் பெஞ்சில் படுத்துச் சேர்த்த பலம் அத்தனையும் தொடையில் தெரிந்தது. கீழே டிராக்டர் முதலாளியின் மனைவி கேக்கைக் கொஞ்சம் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். மண்டபம் அமைதியானது. அந்த அமைதியை மெர்ல் அறிவார். இருபது வருடமாக அவருக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

மைக் வாயருகே வந்திருந்தது. என்ன சொல்வதென்று அவருக்கு நன்றாகத் தெரியும். 'தயாரா இருங்க' என்ற இரண்டே வார்த்தை, அதற்குப் பிறகு விசில்.

நான்காவது மேடையிலிருந்து, தலையைத் தூக்காமல், டெஸ் கேட்டாள்:

"கோச், நீங்க சொல்றீங்களா, இல்ல நாங்களே குதிச்சிடவா?"